மஃப்ளர் பண்ணுவது

ஆங்கிலம்–தமிழ் அகராதி அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் பி அக்கா. பி எழுத்துச் சொற்கள் முழுவதையும் தனியாளாக எழுதி முடித்தவள். அதில் அவள் இளமை போயிற்று, கண்ணும் பாதி போயிற்று. அகராதி அச்சாகி வந்தபோது அட்டையில் தலைமை ஆசிரியர் பெயர் மட்டும் இருந்தது. முன்னுரையின் கடைசியில் பி அக்காவுக்குத் தட்டச்சு உதவிக்காக நன்றி சொல்லியிருந்தார். அவளுக்குத் தட்டச்சே தெரியாது.

கொதிக்கிற வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றித் திரிகிற அந்தத் தலைமை ஆசிரியரை அலுவலகமே முதுகுக்குப் பின்னால் மஃப்ளர் என்றுதான் சொல்லும். அவரைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

வழி அவள் எழுதிய பக்கத்திலேயே இருந்தது. பாய்காட், அதாவது புறக்கணிப்பது, என்ற வினைச்சொல். அயர்லாந்தில் ஒரு பெரிய நிலக்கிழாருக்கு அதிகாரியாக இருந்தவரின் பெயர் அது. குத்தகைக்காரர்களை வெளியேற்றப் பார்த்தார். ஊர் அவரை அடிக்கவில்லை, பேசாமல் ஒதுக்கிவைத்தது. வேலையாள் போனான், கடைக்காரன் சாமான் தர மறுத்தான். சில வாரங்களிலேயே அவர் பெயர் பத்திரிகைகளில் வினைச்சொல் ஆகிவிட்டது.

"நாமும் அவர்கிட்டப் பேச வேண்டாம்" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னாள். எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். மறுநாள் காலையில் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்க ஆளுக்கு முன் ஆள் ஓடினார்கள். தலையாட்டுவதற்கு என்ன, கழுத்து இருந்தால் போதும்.

அப்போதுதான் பாய்காட் கதையின் இரண்டாம் பாதி அவளுக்கு உறைத்தது. ஊர் ஒதுக்கிவைத்தது ஒரு பருவம்தான். பெயர் வினைச்சொல் ஆனதுதான் நிலைத்தது.

அன்றிலிருந்து விதைத்தாள். சாப்பாட்டு இடைவேளையில், "என் ஐடியாவை அந்தாள் மஃப்ளர் பண்ணிட்டான்" என்பாள். அச்சகத்தில் சொன்னாள், பேருந்தில் சொன்னாள், கல்லூரியில் படிக்கும் தங்கை மகளிடம் சொன்னாள். அடுத்தவர் உழைப்பில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அதற்கு ஒரு சொல்தான் இல்லாமல் இருந்தது. சொல் தானாக நடந்துபோயிற்று.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு, மஃப்ளர் போட்ட விதிதான். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் வாயில் கேட்டால்தான் புதுச் சொல்லை அகராதியில் சேர்க்கக் குறிப்பு அட்டை போடலாம். முதலில் மருந்துக்கடைக்காரர் வாயில் கேட்டாள். பிறகு ரேஷன் கடை வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர் வாயில் கேட்டாள். இரண்டு தடவையும் காது குளிர்ந்தது.

ஒரு மதியம் திருத்திய தாள்களோடு மஃப்ளரின் அறையில் நின்றிருந்தாள். அவர் மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, என் கட்டுரையை கிளாஸ்ல ஒருத்தி மஃப்ளர் பண்ணிட்டா."

"என்ன பண்ணிட்டா?"

"நாம எழுதினதுல அவ பேரைப் போட்டுக்கிறதுப்பா. காலேஜ்ல எல்லாரும் சொல்றாங்க. ஏன் மஃப்ளர்னுதான் யாருக்கும் தெரியல. நீங்க அகராதி போடுறவர்தானே, எங்கிருந்து வந்துச்சு?"

அவர் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. முகம் செத்துவிட்டது. அவ்வளவு ருசியான மதியத்தை பி அக்கா அதுவரை அனுபவித்ததில்லை.

மகள் போனதும் அவர் கதவைச் சாத்தினார். "இது யார் கிளப்பிவிட்டதுன்னு எனக்குப் புரியுது. அடுத்த பதிப்புல அட்டையில உங்க பேர் வரும்மா. அந்த வார்த்தையை நிறுத்திடுங்க."

"பேரைப் போடுங்க சார், அது எனக்குச் சேர வேண்டியது. வார்த்தையை நிறுத்த என்னால ஆகாது. பாய்காட் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அவர் பேரையே இன்னும் யாராலயும் நிறுத்த முடியல."

மேசையிலிருந்த வெற்றுக் குறிப்பு அட்டை ஒன்றை எடுத்து, சொல்லையும் பொருளையும் நிதானமாக எழுதினாள்.

"மூணாவது வாய் உங்க பொண்ணோடது சார். விதிப்படி சரியா இருக்கு" என்றாள். சொல் எங்கிருந்து வந்தது என்று எழுதவேண்டிய தோற்றம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு, பேனாவை அவர் பக்கம் நீட்டினாள்.