விற்கும் காரணம்: வெளிநாடு அல்ல

சென்ற புதன்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு எங்கள் கேற்றுக்கு முன்னால் ஒரு லொறி வந்து நின்றது. உள்ளே ஒரு கட்டில், மூன்று கதவு அலுமாரி, ஒரு கண்ணாடி மேசை. எல்லாம் புத்தம் புதிது. பொலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல்தான். நான் எதையும் ஓடர் செய்யவில்லை.

"எந்த அறைக்குள்ள வைக்கிற அக்கா?" என்று கேட்டார் சாரதி.

பற்றுச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். அண்ணனின் பெயர். முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. அடியில் சிவப்பு எழுத்தில், 'விற்ற பொருட்கள் திரும்பப் பெறப்படமாட்டாது.'

எந்த அறைக்குள் வைப்பது? அறைக்குள்தான் ஏற்கெனவே ஒரு கட்டிலும் அலுமாரியும் நிற்கின்றனவே... வந்த வினையே அதுதான்!

கதை இரண்டு கிழமைக்கு முன் தொடங்குகிறது. என் மகள் நிரோஜாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும் – வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். நாங்கள் இருவரும் வளவின் பின்பக்கம் இரண்டு அறை கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டோம். வீட்டோடு தளபாடமும் கொடுக்க வேண்டும். அதைத்தான் முதலில் எல்லோரும் பார்ப்பார்கள்.

கடைகளுக்குப் போனோம். எல்லாம் பளபளவென்று இருந்தது. நான் இருபத்தாறு வருடம் அடிமட்டமும் அளவுநாடாவுமாக அரச வேலை பார்த்தவள். பளபளப்பைப் பார்க்க மாட்டேன், பின்பக்கத்தைப் பார்ப்பேன். அலுமாரியின் முதுகுப் பலகை மூன்று மில்லிமீற்றர்! மரமும் இல்லை, மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை. வாவிக் காற்றுக்கு இரண்டு மாரிகாலம் தாங்குமா?

"அம்மா, இதைப் பாருங்க" என்று ஃபோனை நீட்டினாள் நிரோஜா. பழைய சாமான் விற்கும் இணையத்தளம். முதிரை மரக் கட்டிலும் அலுமாரியும், காத்தான்குடியில். விற்கும் காரணம் என்ற இடத்தில் 'வெளிநாடு செல்வதால்' என்று போட்டிருந்தது.

அன்று மாலை அந்தத் தளத்தில் எங்கள் மாவட்ட விளம்பரங்களை வரிசையாக வாசித்தேன். நாற்பத்தொரு விளம்பரம். அதில் முப்பத்து மூன்றில் அதே காரணம். கட்டில் விற்கிறவர் வெளிநாடு செல்கிறார். கதிரை விற்கிறவர் வெளிநாடு செல்கிறார். ஒரே ஒரு இஸ்திரிப்பெட்டி விற்கிறவரும் வெளிநாடுதான் செல்கிறார்! இத்தனை பேர் போனால் இங்கே மிச்சம் யார்?

மறுநாள் போனோம். ஜெசீமா என்ற பெண்மணி. என்னைவிடப் பத்து வயது கூடவாக இருக்கும். தேத்தண்ணி வந்தது. நான் அளந்தேன், தட்டினேன், அலுமாரி லாச்சிகளை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. பிறகு கேட்டேன் – "எந்த நாட்டுக்குப் போறீங்க ராத்தா?"

"எந்த நாட்டுக்குகா போற? கல்லடிப் பாலத்தைத் தாண்டியே ரெண்டு மாசம்!" அவ சிரித்தா. "முழங்கால் நோவுகா. இந்தக் கட்டில் உசரம். ஏறினா இறங்க ஏலா, இறங்கினா ஏற ஏலா. அலுமாரிய மட்டும் தனிய வெச்சிக்கிட்டு என்ன செய்யிற?"

"அப்ப அதையே எழுதியிருக்கலாமே?"

"முழங்கால் நோவெண்டு எழுதினா, கையில காசில்லாம விக்கிறாளாக்கும் எண்டுதான் ஊருல கதைப்பாங்க. வெளிநாடெண்டா மரியாதை."

வீட்டுச் சாமானை விற்பது ஏதோ வீடு சரிந்த மாதிரி. வாங்குவது அதைவிடக் கேவலம். ஆகவே விற்கிறவர் வெளிநாடு போகிறார். வாங்கியவர் 'கடையில எடுத்தது' என்கிறார். சாமான் மட்டும் பொய் சொல்லாமல் வீடு மாறுகிறது!

கட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தது. தச்சு வேலை செய்யும் ஓடாவியைக் கூப்பிட்டு ஒரு காலை இறுக்கி, மெழுகு பூசினோம். நிரோஜா அதில் குறுக்காகப் படுத்துப் பார்த்து, "இது என்ட கட்டில்" என்றாள். பொதுவாக அவள் எதையும் அப்படிச் சொல்கிற பிள்ளை இல்லை.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வந்தார்கள். செட்டிபாளையத்திலிருந்து ஒரு வான் நிறைய. மாப்பிள்ளை சுதனுக்குச் சின்ன வயதிலேயே தாய் இல்லை. வளர்த்தது பெரியம்மா. அங்கே அவ சொல்தான் சொல்.

முதல்நாளே என் அண்ணி எனக்குப் பாடம் நடத்தியிருந்தா. "பழசெண்டு வாயத் திறந்திராதீங்க மச்சாள். ஓடர் குடுத்துச் செஞ்சதெண்டு சொல்லுங்க. ஆரு கண்டா?"

வந்தவர்கள் குசினியைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள். அறைக்குள் வந்ததும் பெரியம்மா அலுமாரிக் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தா.

"நல்ல முதிரை. எந்தக் கடையில?"

வாசகர்களே, இந்தப் பத்திரிகைப் பத்தியில் பதினொரு வருடமாக ஒழுங்கு, நேர்மை, சரியான அளவு என்று உங்களுக்குப் பிரசங்கம் செய்து வருகிறேன். அந்தக் கணத்தில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"அது... ஓடர் குடுத்து..."

அவ்வளவுதான். மிச்சத்தை முடிக்க என் மகள் விடவில்லை.

"இல்ல பெரிய மாமி. காத்தான்குடியில ஒரு ஆக்களிட்ட வாங்கின. பழசு. ஒன்லைன்ல பாத்து நான்தான் எடுத்த."

அண்ணி வெற்றிலை வட்டாவோடு வாசல் பக்கம் நகர்ந்தா.

"பழசா?" பெரியம்மா அலுமாரியிலிருந்து கையை எடுத்தா. "ஆரு செத்த கட்டிலோ ஆருக்குத் தெரியும்! அதுலயா என்ட புள்ள படுக்கிற?"

"ஒருத்தரும் சாகல்ல மாமி. கேட்டுப்பாருங்க" என்று நிரோஜா அந்த இடத்திலேயே ஜெசீமாவுக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ? ஆரு, நிரோஜா புள்ளயா? என்னகா, கட்டில் ஆடுதா?"

"இல்ல ராத்தா. இதுல ஆரும் மௌத்தானவங்களா எண்டு கேக்கிறாங்க."

"நான்தானே படுத்த! நான் இன்னம் உசிரோட கதைச்சிட்டிருக்கன். கேக்கிற ஆளை வரச்சொல்லுங்க, ஒரு பிளேன்ரீ ஊத்தித் தாறன்."

வந்திருந்த பெண்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பெரியம்மா சிரிக்கவில்லை.

"உசிரோட இருந்தாலும் ஆரோ படுத்த கட்டில்தானே? தாயில்லாத புள்ளயெண்டு பழச வெச்சுத் தள்ளுறாங்க எண்டு நாளைக்கு ஊர் என்னைத்தான் கேக்கும். புதுசு போடுங்க. போடாட்டி இந்தக் கலியாணத்தைப் பத்தி நாங்க யோசிக்கத்தான் வேணும்."

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்கள். ஒன்பது கோப்பை. நான் எண்ணினேன்.

அவ சொன்னதில் ஒரு பாதி எனக்குப் புரியாமல் இல்லை. வளர்த்தவளுக்கு இருக்கும் பயம் அது. பெற்றவளாக இருந்தால் ஊர் மன்னிக்கும், வளர்த்தவளை மன்னிக்காது. ஆனால் அந்தப் பயத்துக்கு என் மகள் ஏன் கட்டிலை மாற்ற வேண்டும்?

"யோசிக்கட்டும் அம்மா" என்றாள் நிரோஜா. குரல் உறுதியாக இருந்தது. கோப்பைகளைக் கழுவும்போது மட்டும் ஒன்றை உடைத்தாள்.

இந்த நிலையில்தான் புதன்கிழமை லொறி. அண்ணனுக்கு அழைத்தேன்.

"தாய்மாமன் ஒருத்தன் இருந்தும் புள்ளைக்கு ஆரோ படுத்த கட்டிலெண்டு ஊர் சொல்லும் தங்கச்சி. என்ட முகத்துக்காக அதைப் போடு. பழசக் குடுத்திரு."

"நிரோஜாட்டக் கேட்டீங்களா அண்ணன்?"

"அவள் சின்னப் புள்ள. அவளுக்கு என்ன தெரியும்?"

சின்னப் பிள்ளைக்கு இருபத்தெட்டு வயது. ஆய்வுகூடத்தில் ஒரு நாளைக்கு நூறு பேருடைய இரத்தத்தைப் பரிசோதித்துக் கையெழுத்து வைக்கிறாள். தான் எந்தக் கட்டிலில் படுப்பது என்று மட்டும் அவளுக்குத் தெரியாதாம்!

புதுச் செட்டை ஹோலில் இறக்கச் சொன்னேன். இரவு வேலை முடிந்து வந்தவள் பார்த்தாள். கோபப்படவில்லை. சுதனுக்கு ஃபோன் எடுத்து, நான் கேட்கும்படியாகவே பேசினாள்.

"மாமா புதுசு அனுப்பியிருக்கார். நான் மாத்த மாட்டன். உங்களுக்கும் இது ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்க. கலியாணத்துக்குப் பிறகு சொல்ல வேணாம்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ தெரியாது. "சரி, யோசிச்சுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். அவருக்கும் யோசனை!

நான் அன்று நன்றாகத் தூங்கவில்லை. கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தது உண்மை. ஆனால் அதைவிட அதிகமாக உறுத்தியது வேறு. என் பிள்ளை ஒரு வான் நிறைய வந்த ஆட்களுக்கு முன்னால் உண்மை சொன்னபோது, பக்கத்தில் நின்று பொய்யைப் பாதி சொல்லியிருந்தவள் நான். பெரியம்மாவுக்கு ஊர்ப் பயம் என்று மேலே எழுதினேன். எனக்கு மட்டும் என்னவாம்?

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அளவுநாடாவை எடுத்தேன். வெளிச்சம் பார்த்து ஏழு படம். பிறகு விளம்பரம் எழுதினேன்.

'படுக்கையறை செட். கட்டில், மூன்று கதவு அலுமாரி, கண்ணாடி மேசை. ஒரு நாளும் பாவிக்கவில்லை. பொலித்தீன் பிரிக்கவில்லை. குறை: அலுமாரியின் இடது கதவின் கீழ்மூலையில் லொறியில் பட்ட கீறல், ஒன்றே முக்கால் அங்குலம், ஆறாவது படம் பார்க்க. விற்கும் காரணம்: மாப்பிள்ளை வீட்டார் புதிது கேட்டார்கள். மணமகளுக்குப் பழையதுதான் பிடித்திருக்கிறது.'

விலையையும் என் பெயரையும் போட்டேன்.

அரை மணித்தியாலத்தில் ஊர் விழித்துவிட்டது. "கடைசி விலை என்ன?" என்று இருபது பேர். விலையைப் படிக்காமல் விலை கேட்பதில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது. "மாப்பிள்ளை ஆருகா?" என்று ஆறு பேர். "மாப்பிள்ளையும் விற்பனைக்கா?" என்று ஒரு குறும்பர். இவர்களுக்கு நடுவே, தனிச் செய்தியில் ஒரு பெண்: "அக்கா, நானும் வெளிநாடு எண்டு போட்டுத்தான் கதிரை வித்தனான். இனி உண்மையப் போடுறன்."

எட்டரைக்குப் பெரியம்மா அழைத்தா.

"எங்கட மானத்தை ஏலத்துல விட்டுட்டீங்களே!"

"நான் ஒருத்தருட பேரும் போடல்ல அக்கா. என்ட பேரை மட்டும்தான் போட்டிருக்கன்."

"ஊருக்கெல்லாம் தெரியுமே, அது நாங்கதானெண்டு!"

"கேட்டதுல பிழை இல்லையெண்டா, தெரிஞ்சா என்ன?"

ஃபோன் வைக்கப்பட்டது. விளம்பரத்தை அழித்துவிடலாமா என்று இரண்டு தரம் அதைத் திறந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வாங்க ஆள் வந்துவிட்டார். கதிரவெளியில் மீன்பிடிக்கிற ஒரு தம்பி, சின்ன லொறியோடு. கீறலைப் பார்த்தார். அளவுநாடாவை நீட்டினேன், வேண்டாம் என்றார்.

"தங்கச்சிக்குக் கலியாணம் அக்கா. எங்கட மாப்பிள்ளை வீட்டாரும் புதுசுதான் கேக்காங்க. பொலித்தீனப் பிரிக்காமத் தாங்க. கடையில எடுத்ததெண்டு சொல்லிக்கிறன்."

நான் சிரிக்கவில்லை. எந்த முகத்தோடு சிரிப்பது? பற்றுச்சீட்டைக் கேட்டார், அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கொடுத்தேன். பணத்தை அப்படியே அண்ணனுக்கு அனுப்பியாயிற்று. அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் 'கிடைத்தது' என்று ஒரு வார்த்தை வந்திருக்கிறது.

அலுமாரியை ஏற்றுவதுதான் பெரும்பாடு. வந்தவரோடு சாரதி மட்டும்தான். என் கணவருக்கு இடுப்பு வலி. நானும் நிரோஜாவும் ஒரு பக்கம் பிடித்து வாசல்வரை கொண்டுவந்துவிட்டோம். படியில் இறக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து கேற்றடியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.

சுதன்.

ஹெல்மெற்றைக் கழற்றிச் சுவரில் வைத்தார். நேரே வந்து, "மாமி, நீங்க விடுங்க. இந்தப் பக்கம் நான் பிடிக்கிறன்" என்றார்.

புதிய அலுமாரி லொறியில் ஏறியது. கதிரவெளித் தம்பி நன்றி சொல்லிவிட்டுப் போனார், தூக்கித் தந்தவர்தான் விளம்பரத்து மாப்பிள்ளை என்று தெரியாமலே.

நிரோஜா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "யோசிச்சீங்களா?"

"யோசிக்க என்ன கிடக்கு? படுக்கப்போறது நான்தானே எண்டு பெரியம்மாட்டச் சொல்லிட்டன். ஒரு நாள் முழுக்க என்னோட கதைக்கல்ல. இண்டைக்குச் சோறு போட்டுத் தந்தா."

"கலியாணத்துக்கு வருவாவா?" என்று நான் கேட்டேன்.

"வருவாவாம் மாமி. முன்னுக்கு நிண்டு எல்லாம் செய்வாவாம். ஆனா..." அவர் தலையைச் சொறிந்தார். "அந்த அறைக்குள்ள மட்டும் கால் வைக்க மாட்டாவாம்."

நல்லது. அந்த அறைக்கு நாங்கள் யாருக்கும் அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை.