ஒரு பக்கம் சாய்ந்த கத்தி

எங்கள் தேயிலைத் தோட்டத்து நர்சரியை மேற்பார்க்கும் கண்டாக்கு என் மனைவி மீது பொய்ப் பழி போட்டார்.

வேண்டுமென்றே போட்டார் என்று நான் சொல்லவில்லை. விசாரிக்காமல் போட்டார். எனக்கு அதில்தான் கோபம் அதிகம்.

நடந்ததைச் சொல்கிறேன். லிந்துலைப் பக்கத்தில் இப்போது கொட்டை போட்டுத் தேயிலைக் கன்று வளர்ப்பது குறைந்து வருகிறது. நல்ல செடியில் கொப்பு எடுத்து, ஓர் இலையும் அதன் கீழே ஒரு துண்டுத் தண்டுமாக நறுக்கி நர்சரியில் ஊன்றுகிறார்கள். வெட்டு ஒரே இழுப்பில் சுத்தமாக விழவேண்டும். நசுங்கினால் போச்சு... தண்டு கறுத்து அழுகிவிடும். அதற்கென்றே தோட்டத்தில் மடக்குக் கத்தி கொடுத்திருக்கிறார்கள். பித்தளைப் பிடி. மடக்கி இடுப்பில் சொருகிக்கொள்ளலாம்.

என் மனைவி மருதாயி அந்த நர்சரியில் வேலை செய்கிறாள். அவள் ஊன்றிய கன்றுகள் வேர் பிடித்து வரிசையாக நிற்பதை நான் பல நாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். பெருமைதான். ஏன் மறைக்கவேண்டும்?

சனிக்கிழமை காலைப் பெரட்டு. பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நேரம். எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். கண்டாக்கு மருதாயியின் கத்தியை வாங்கி மடக்கிப் பார்த்தார். அலகு நடுவில் இறங்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து பித்தளையை உரசிக்கொண்டு போனது.

"இத வச்சு என்ன பண்ணினே? டின்மீன் டப்பாவத் தொறந்தியா?"

"இல்லீங்கய்யா. கொப்பு வெட்டுறதத் தவிர ஒன்னுமே செய்யலீங்க. கொஞ்ச நாளாவே சாஞ்சுதான் மடங்குதுங்க."

"தானா சாயுமா? தோட்டத்துச் சாமான்னா ஒங்களுக்கெல்லாம் எளக்காரம். திங்கக்கெழம நேராக்கிக் கொண்டா. இல்லாட்டி நர்சரிப் பக்கம் வராத. கொழுந்துக்குப் போ!"

பெரட்டே சிரித்தது. பொழுது சாய்வதற்குள் அவளுக்கு 'டின்மீன் மருதாயி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"கொழுந்து எடுக்க எனக்கு என்னாங்க வெக்கம்?" என்றாள் வீட்டுக்கு வந்து. "நர்சரிக்கு வாரதுக்கு முந்தி எடுத்தவதானே? ஆனா அத்தன பேரு முன்னுக்கு என்னயத் திருடி மாதிரி நிக்க வச்சிட்டாரே!"

டின்மீனாம்! ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு வீட்டில் டின்மீன் திறந்தால் கடைசிக் காம்பரா வரைக்கும் வாசம் போகும். யாருக்கும் தெரியாமல் தின்ன முடியுமா? கண்டாக்கு ஒரு நாளாவது லயத்தில் குடியிருந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கத்தியோடு வாசலில் உட்கார்ந்தேன். நான் தேயிலைத்தூள் செய்கிற ஸ்டோரில் மெஷின்களுக்கு எண்ணெய் விடுகிறவன். அத்தனை பெரிய ரோலரையே பார்க்கிறவனுக்கு இந்தச் சின்னக் கத்தி எம்மாத்திரம்? குறட்டை எடுத்து அலகைப் பிடித்தேன்.

"அய்யய்யோ, விடுங்க! ஒடிச்சுத் தொலச்சா அதுக்கும் என் தலதான் உருளும்!"

"அலகு வளஞ்சிருக்கு புள்ள. நிமுத்தணும்."

"வளஞ்சிருக்குன்னு கண்டீங்களா?"

காணவில்லை. மருதாயி உள்ளே போய் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து வந்து, அலகை அதன்மேல் படுக்க வைத்தாள். ஒரு மயிரிழை கூட இடைவெளி இல்லை. அலகு நேராகத்தான் இருந்தது.

பக்கத்துக் காம்பரா முனியாண்டி அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னாடா தம்பி, கண்ணாடியெல்லாம் வச்சு... கத்திக்கு மாப்பிள பாக்குறியா?"

"மொதல்ல ஒங்க வாய்க்கு ஒரு மூடி செஞ்சிட்டு வாரேண்ணே."

அப்படியானால் கோளாறு எங்கே? மூட்டில் மண் ஏறியிருக்கும் என்று மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். அழுக்கு வந்தது. சாய்வு போகவில்லை. மூட்டாணி தளர்ந்துவிட்டதோ என்று ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

பிறகு கத்தியை விரித்து, பிடியின் இடுக்கை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். மருதாயி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"என்னாங்க... மூட்டுக்குக் கிட்டக்க ஒரு பக்கம் உள்ளுக்குப் பொடச்சிருக்கு!"

அந்த இடத்தின் வெளிப்பக்கத்தைத் திருப்பினேன். என்ன இருந்தது தெரியுமா? நம்பர். தோட்டத்துப் பேர்ப் பதிவான செக்ரோலில் மருதாயிக்கு உள்ள நம்பர்!

தோட்டத்தில் எங்களுக்குப் பேர் இருந்தாலும் நம்பரும் உண்டு. கத்தியை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளக் கூடாது என்று கத்திக்கும் அந்த நம்பரைப் போட்டார்கள். எப்படி? மடக்கிய கத்தியைப் பட்டறைக் கல்லில் வைத்து, மேலே இரும்பு அச்சை நிறுத்தி, பட்டறை ஆள் சுத்தியலால் ஓர் அடி. மற்றவர்கள் கத்தியில் அது பிடியின் கடைசியில் விழுந்தது. மருதாயியின் முறை வந்தபோது மழை.

"'எங்கயாச்சும் அடிடா, நேரமாகுது'ன்னு கண்டாக்கய்யாதாங்க சத்தம் போட்டாரு. நான் பக்கத்துலதானே நின்னேன்!"

விழுந்தது மூட்டுக்குப் பக்கத்தில். பித்தளை உள்ளே குழிந்து அலகைத் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து சாய்வு.

காரணம் தெரிந்த பிறகு எனக்குக் கை பரபரத்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்றை ஆப்பு மாதிரி சீவினேன். வைரம் பாய்ந்த குச்சி. அதை இடுக்கில் நுழைத்து, புடைப்பை மெல்ல வெளியே நெம்பினேன். கொஞ்சம் நெம்பு, மடக்கிப் பார். இன்னும் கொஞ்சம் நெம்பு, மடக்கிப் பார். ஒரு தடவை கை மீறிப்போய் அலகு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அப்போது மருதாயி என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தப் பத்தி போதாது. வெளியிலிருந்து பட்டும் படாமலும் தட்டினேன்.

மடக்கினேன். அலகு எந்தப் பக்கமும் தொடாமல் நட்டநடுவே இறங்கி, 'டக்' என்று உட்கார்ந்தது!

உரசி மழுங்கிய வாயை அவளே கல்லில் தீட்டினாள். அதை மட்டும் என்னைத் தொட விடவில்லை. ஒரு கொப்பை எடுத்து இழுத்தாள். வெட்டு கண்ணாடி மாதிரி விழுந்தது. முனியாண்டி அண்ணன் கத்தியை வாங்கி மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி, வாயைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தார். அவர் வாயைத் திறக்காதது லயத்தில் பெரிய விஷயம். நான் அன்று சாப்பிடும்போதுகூட அந்தக் கத்தியை மடக்கி மடக்கிப் பார்த்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

திங்கட்கிழமை நர்சரிக் கொட்டகையில் மருதாயி கத்தியைக் கொடுத்தாள். நம்பர் இருந்த இடத்தையும் விரல் வைத்துக் காட்டினாள். கண்டாக்கு மடக்கிப் பார்த்தார். நம்பரைப் பார்த்தார்.

"ம்... சரி. போய் வேலயப் பாரு." அவ்வளவுதான். அதுவும் பக்கத்தில் நின்றவருக்குக் கேட்காத குரலில்.

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. பேர்? இன்றைக்கும் தண்ணீர் பிடிக்கிற பீலியில் 'டின்மீன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழியைப் போடுவது ஊர் கூடிய இடத்தில், திரும்ப எடுப்பது மட்டும் கொட்டகை மூலையில்... இது எந்த ஊர் நியாயம்?

"விட்டுருவோமா?" என்று மருதாயியிடம் கேட்டேன்.

"பெரட்டுலதானே ஏசுனாரு? பெரட்டுலயே சொல்லட்டும். எழுதுங்க!"

எழுதிவிட்டேன். கண்டாக்கய்யா, இந்தப் பத்திரிகை உங்கள் ஆபீஸ் மேசைக்கு வருகிறது. நீங்கள் படிப்பீர்கள் என்றும் எனக்குத் தெரியும். மன்னிப்பு வேண்டாம். அந்த அச்சை அங்கே அடிக்கச் சொன்னது யார்? எனக்கல்ல — நாளைக் காலைப் பெரட்டில், அத்தனை பேர் காதும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.