மூன்றறை வீட்டின் நான்காவது அறை

உட்கூரைப் பலகையில் வெட்டிய சதுரத் துளையிலிருந்து இமசிக்குவின் கால்கள் மட்டும் தொங்கின. ஷூ ஏணியடியில் கிடந்தது; வலது காலுறையில் ஓட்டை. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள் நமகாவ்.

“கீழ இருக்கிற வீடு பொய் சொல்லும்மா. சாயம் பூசிக்கும், திரை கட்டிக்கும். மேல இருக்கிற வீட்டுக்கு அந்த வித்தை தெரியாது” என்றது குரல், தூசியோடு சேர்ந்து.

இமசிக்குவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மொங்கு நகரில் அரசு ஊழியர்கள் குடியிருக்கும் வீடுகளை அளந்து, தரம் பார்த்து, சம்பளத்தில் எவ்வளவு வாடகை பிடிக்கலாம் என்று எழுதுகிறார். முப்பத்தொரு வருடமாக இதுதான் வேலை. கழுத்து டையின் நுனியைச் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குள் செருகியிருப்பார். இந்த ஊர் மணலில் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வருவார்; வாசலில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வார். பையில் அளவு நாடா, டார்ச், ஒரு கோலிக்குண்டு. கோலியை அறை நடுவில் வைத்துவிட்டு அது போகும் வழியில் கைகட்டிக்கொண்டு பின்னாலேயே போவார். எந்த மூலையில் நிற்கிறதோ அங்கே தரை தாழ்ந்திருக்கிறது. ஒரு புள்ளி குறையும்.

அவர் அரசு வீட்டில் குடியிருந்ததே இல்லை. சந்தைக்குப் பின்னால் ஒரு தையல்காரரின் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். கேட்டால், “அளக்கிறவனே உள்ள குடியிருந்தா நாடா சுருங்கிடும்” என்பார்.

ஏமாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. ஓர் அதிகாரி வாடகையைக் குறைக்க வேண்டி, அவர் வரும் நாளில் கூடத்தின் நடுவே வாளியை வைத்து அரை வாளி தண்ணீரும் ஊற்றி வைத்திருந்தார். மேலே ஒழுகுகிறதாம். இமசிக்கு வாளியை எட்டிப் பார்த்தார். “ஊரே காயுற ஆகஸ்ட்ல மழை பெஞ்ச ஒரே வீடு உங்களோடதுதான்யா. கொடுத்து வச்சவரு” என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே கை கழுவிக்கொண்டார்.

நமகாவின் அம்மா செய்தது இதற்கு நேர் எதிர். மருத்துவமனையில் சலவைப் பகுதியைப் பார்த்துக்கொள்பவள். அளக்க ஆள் வருகிறார் என்றதும் தரை முழுக்கச் சிவப்பு மெழுகு தேய்த்தாள். பக்கத்து வீட்டிலிருந்து திரைச்சீலை கடன் வாங்கினாள்.

“அம்மா, வீடு பளபளன்னு இருந்தா தரம் ஏறும். வாடகையும் ஏறும்” என்றாள் நமகாவ்.

“அதுக்காக? விருந்தாளி வர்ற வீட்ட அழுக்கா வைக்கச் சொல்றியா? இதத்தான் எஞ்சினியர் படிப்புல சொல்லிக் கொடுத்தாங்களா?”

வாடகை ஏறினால் வீடு போய்விடும். இது அப்பாவின் வேலைக்காகக் கொடுக்கப்பட்ட வீடு. அப்பா பெயர் லிகாண்டோ, நீரேற்று நிலையத்தில் மெக்கானிக். நான்கு மாதத்துக்கு முன் இறந்தார். அம்மாவும் அரசு ஊழியர் என்பதால் வீட்டை அவள் பெயருக்கு மாற்றலாம். ஆனால் வாடகை அவள் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. பதிவேட்டில் நான்கு அறை என்று இருக்கிறது. நான்கு என்றால் தாண்டும். மூன்று என்றால் தாண்டாது.

நான்காவது அறை, அந்தப் பின்னறை, அப்பா கட்டியது. நமகாவ் உயர்நிலைப் பள்ளிக்குப் போன வருடம், அவள் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதற்காக. பத்து வருடத்துக்கு முன் அளக்க வந்தவர் வாசலில் நின்றே எண்ணி, நான்கு என்று எழுதிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தவரைத் திருத்தக் கூடாது என்று அப்பா வாயைத் திறக்கவில்லை. சொந்தச் செலவில் சேர்த்த அறைக்கு வாடகை கிடையாது; ஆனால் அதற்குச் சாட்சியாக இருந்த சிமெண்ட் ரசீதுகள் பெட்டியோடு கரையானுக்குப் போயின.

நமகாவ் விளக்கமாக ஒரு கடிதம் தயாரித்திருந்தாள். வரைபடத்தோடு, நான்கு பக்கம். இமசிக்கு அதை வாங்கி இரண்டாக மடித்து அவளிடமே கொடுத்தார். “நல்ல கையெழுத்து. ஏணி இருக்கா?”

மெழுகில் ஒரு முறை வழுக்கி, சுவரைப் பிடித்து நின்றார். “மெழுகுக்கு வாடகை கிடையாதும்மா. ஆனா என் இடுப்பு உடைஞ்சா என் ஆஸ்பத்திரிப் போர்வைய நீங்கதான் வெளுக்கணும்.”

“வெளுக்கறேன். பாத்து நடங்க” என்றாள் அம்மா, சிரிக்காமல்.

உட்கூரைப் பலகைக்கு மேலே சுவருக்குப் பூச்சு இல்லை. கல் கல்லாகத் தெரியும். மேலிருந்து எண்கள் வந்தன. “முன்பக்கச் சுவர், அஞ்சு வரி. சரியா ஒரு மீட்டர். எழுதிக்கோ. பின்னறை, அதே அஞ்சு வரி. தொண்ணூத்திரண்டரை.” கல்லைத் தட்டிப் பார்க்கும் சத்தம். “இது அரசாங்கக் கல்லு இல்ல. யாரோட அச்சு?”

அச்சு கொல்லையில் இருந்தது. அப்பா மரத்தில் செய்தது. இப்போது அதற்குள் வைக்கோல் போட்டு ஒரு கோழி அடைகாக்கிறது.

“எழுப்பாதீங்க. இருபது நாள் ஆச்சு” என்றாள் அம்மா.

இமசிக்கு கோழிக்கு எதிரே மண்டியிட்டார். பலகையின் உயரத்துக்கு நாடாவைப் பிடித்தார். கோழி அவர் கட்டைவிரலைக் கொத்தியது. இரண்டாம் முறையும் கொத்தியது. அவர் கையை எடுக்கவில்லை. “பதினேழு. நடுவுல காரை ஒன்றரை. அஞ்சால பெருக்கு.”

“தொண்ணூத்திரண்டரை” என்றாள் நமகாவ்.

“சேருது.”

பிறகு பின்னறையை வெளியே சுற்றி வந்து, மேற்கு மூலையில் தூக்குக்குண்டு பிடித்தார். “மூலை நாலு சென்டிமீட்டர் வெளிய போயிருக்கு. மனுஷன் நூல் கட்டாம கண்ணாலயே வச்சிருக்காரு.”

“நூல் கட்டினாரு. ஆடு தின்னுடுச்சு” என்றாள் அம்மா.

“ஆடா?”

“அவரோட ஆடுதான். அடிக்கவும் மனசு வரல. மறு நூல் வாங்க அன்னைக்குக் கடையும் இல்ல.”

நமகாவ் சிரித்துவிட்டாள். நான்கு மாதத்தில் முதல் முறை. வந்தவர்கள் எல்லாரும் தங்கமான மனிதர் என்று சொல்லி அழுதார்கள்; அவளும் தலையாட்டினாள். அவர் கட்டியதில் எது நேர், எது கோணல் என்று இன்றுவரை ஒருவரும் பார்த்துச் சொல்லவில்லை. இவர் சொன்னார். மூன்று மீட்டர் இருபது, இரண்டு மீட்டர் தொண்ணூறு, மூலையில் நான்கு சென்டிமீட்டர் பிசகு. அப்பாவை இவ்வளவு கவனமாகப் பார்த்த இன்னொருவர் இந்த ஊரில் இருக்கிறார். அவள் தூக்குக்குண்டின் கயிற்றைச் சுற்றிக் கொடுத்தாள்.

“பத்து வருஷமா தன் சொந்த அறைக்கே வாடகை கட்டியிருக்காரு உங்க வீட்டுக்காரரு” என்றார் இமசிக்கு.

“கட்டினா கட்டிட்டுப் போறாரு. நான் இங்க இருக்கலாமா, மூட்டை கட்டணுமா, அதச் சொல்லுங்கய்யா.”

இமசிக்கு கூடத்துத் தரையில் உட்கார்ந்து பதிவேட்டைத் தொடைமேல் விரித்தார். நான்கை அடித்தார். மூன்று என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்திட்டார். கீழே, குடியிருப்பவர் சொந்தச் செலவில் சேர்த்தது என்ற இடத்தில், இந்த வீட்டுக்கு இத்தனை வருடமும் வெறுமையாக இருந்த கட்டத்தில், பெரிய எழுத்துகளில் லிகாண்டோ என்று எழுதினார். அளவுகளையும் எழுதினார். கோணல் மூலையையும் விடவில்லை.

“இருங்கம்மா. கால் பங்குக்குள்ள அடங்குது.”

அம்மா எழுந்து பின்னறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

இமசிக்கு பையை மூடினார். சட்டைப் பையைத் தடவினார். பின்னறை ஜன்னல் திண்டில் டார்ச்சை விட்டுவிட்டிருந்தார். காலையிலிருந்து நாலு முறை, நாடாவோடு, யாரையும் கேட்காமல் புகுந்து வெளியே வந்த அறை அது.

இப்போது நிலைப்படிக்கு வெளியே நின்றார். ஷூவைக் கழற்றினார். முழங்கால் முறிகிற சத்தத்தோடு மெல்லக் குந்தி உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தி, அடுத்தவர் வீட்டுக்குள் வர அனுமதி கேட்கும் இந்த ஊர் வழக்கப்படி இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துத் தட்டினார். இப்போது வீட்டுக்கு உரியவளாகிவிட்ட அம்மா உள்ளே கூப்பிடும்வரை தட்டிக்கொண்டிருந்தார்.