அரை வரி

என் கணவர் இறந்த வருடம், வைகாசியில் நடக்கும் ஊர்க் கோயில் பொங்கலுக்கு வரி பிரிக்க வந்தவர்கள் என்னிடம் பாதி கொடுத்தால் போதும் என்றார்கள். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு முழு வரி. ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு அரை வரி. இரக்கப்பட்டு வைத்த வழக்கம்தான், அது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அவுக போயிட்டா நாங்க அரை வீடாயிருவமா?" என்று கேட்டு, முழு வரியை எடுத்து நீட்டினேன். அதிலிருந்து ஒவ்வொரு வைகாசிக்கும் முழு வரிதான் கொடுத்து வந்தேன்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அருப்புக்கோட்டை மில்லுக்கு வேனில் போய்வருகிறவள் நான். சம்பளம் வந்த அன்றைக்கே அரிசி, சிலிண்டர், மகளிர் குழு லோன் என்று ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டு போய்விடும். பெரிய செலவுக்கு நான் பயந்ததில்லை. அது வரப்போவது முன்கூட்டியே தெரியும், சீட்டுப் போட்டுத் தயாராகிவிடலாம். கையைக் கடிப்பதெல்லாம் சின்னச் செலவுகள்தான். சோறு வடித்து முடித்த பிறகு வந்து உட்காரும் விருந்தாளியைப் போல வரும். வந்தவரைப் போ என்று சொல்ல முடியுமா? யாராவது ஒருவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் இப்படித்தான் வரிசையாக வந்தன. அவளை அருப்புக்கோட்டையில் காலேஜில் சேர்ப்பதற்குச் சீட்டு எடுத்து பேங்கில் போட்டிருந்தேன். என் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, காலேஜ் வாசலை மிதித்த பெண் கிடையாது. அந்தப் பணத்தை என்ன வந்தாலும் தொடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். பொங்கல் வரிக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்திருந்தேன்.

சித்திரை வெயிலில் மின்விசிறி நின்றது. உள்ளே காயில் கம்பி கருகிவிட்டது என்றார் கடைக்காரர். கேண்டீன் டீயையும் வடையையும் நிறுத்தி அதைச் சமாளித்தேன். அப்புறம் சொல்லிவைத்தாற்போல் குக்கர் கேஸ்கட் கிழிந்தது, அடுப்பு பர்னரும் கெட்டது. சரி போ என்று வீட்டுக்குப் பின்னால் கிடந்த கருவேல விறகை வெட்டி அடுப்பு மூட்டினேன். எங்கள் சீமையில் மழை பெய்யாவிட்டாலும் கருவேலத்துக்கு மட்டும் பஞ்சமே வராது. கண் எரிந்தது, சிலிண்டர் இன்னும் கொஞ்ச நாள் நீடித்தது. பிறகு காரியாபட்டியில் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் மொய் செய்திருக்கிறார்கள், போகாமல் இருக்க முடியாது. மகளை விட்டுவிட்டு நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். வைத்த மொய்க்காவது சாப்பிடுவோமே என்று பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை.

இத்தனைக்கும் வரிப் பணம் பத்திரமாகத்தான் இருந்தது. அதன்மேல் கை வைத்தது காலேஜ்தான். திங்கட்கிழமை ஃபீஸ் கட்டும்போது யூனிபார்ம் துணிக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை போன் வந்தது. அதற்கு எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால், வரிப் பணத்தில் சரிபாதிதான் மிச்சம். மறுநாள் சாயந்தரமே வரி பிரிக்க வந்துவிட்டார்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரும் என் கொழுந்தனார் முறைக்காரர் ஒருவரும்.

"இந்த வருசம் அரை வரி போட்டுக்கங்க மாமா" என்றேன் பெரியவரிடம்.

அவர் வரி நோட்டைப் பிரித்தார். கொழுந்தனார்தான் பதறிவிட்டார். "என்ன மதினி, எப்பவும் முழுசாத்தானே குடுப்பீக. கையில இல்லைன்னா அடுத்த மாசம் குடுங்க. நாங்க என்ன ஓடியா போறோம்?"

"நீங்க ஓட மாட்டீக தம்பி. அடுத்த மாசத்துக்குன்னு ஒரு செலவு இந்நேரம் பஸ்ஸு ஏறியிருக்கும், எனக்குத் தெரியும். சாமி காசுல பாக்கி வைக்க மாட்டேன். அரை வரியே போடுங்க."

அவர்கள் போனதும் மகள் அழுதாள். "அரை வரின்னு மைக்குல சொல்வாகம்மா. யூனிபார்ம அப்புறமா எடுத்துக்கிறேன்னு காலேஜுல கேட்டுப் பாக்குறேன்."

"சேர்ற அன்னைக்கே கடன் சொல்லிக்கிட்டா உள்ள போவ? பேசாம இரு" என்று அதட்டினேன். அதட்டியது அவளை மட்டுமல்ல. மாற்றிப் பேசிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் பயமாக இருந்தது. திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய்க் காலேஜில் பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம்.

செவ்வாய்க்கிழமை பொங்கல். சாயந்தரம் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. மைக்கில் தலைக்கட்டு தலைக்கட்டாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். போய்ப் பிரசாதம் வாங்க வேண்டும். முழு வரிக்கு முழுத் தேங்காய், அரை வரிக்கு ஒரு மூடி. இத்தனை வருடமும் என் கணவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். செத்துப்போன மனிதரின் பெயர் ஊர் முழுக்கக் கேட்கும். நான் எழுந்து போய் வாங்கி வருவேன். அதற்காகத்தான் அவ்வளவு ரோஷப்பட்டேனோ என்னவோ. அரை வரியில் ஆம்பிளை பெயர் வாசிக்க மாட்டார்கள், அன்றைக்கு அவர் பெயர் கேட்காது.

முழு வரிப் பெயர்கள் முடிந்தன. "இனி அரை வரி" என்றது மைக். அடுத்து என் பெயரைச் சொன்னது.

இன்னார் மனைவி என்று இல்லை, இன்னார் அம்மா என்று இல்லை. என் பெயர். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஊரில் யாரும் சத்தமாகச் சொல்லாத பெயர். மதினி, அத்தை, சித்தி என்றே கூப்பிட்டுப் பழகிய சிலர், யார் அது என்று திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே ஒரு நொடி பிடிபடவில்லை.

"அம்மா, ஒன்னையத்தாம்மா" என்று மகள் இடித்தாள்.

எழுந்தேன். குனிந்துகொண்டு போக வேண்டும் என்று முதலில் நினைத்திருந்தேன். அப்படிப் போகவில்லை. சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, கூட்டத்துக்கு நடுவே நிமிர்ந்தே போய் அந்த ஒரு மூடியை இரண்டு கையாலும் வாங்கினேன்.

மறுநாளே காலேஜ் தொடங்கியது, அவளுக்கு இட்லி கட்டிக்கொடுத்தபோது அந்தத் தேங்காய் மூடியில்தான் சட்னி அரைத்தேன். பத்துமா என்று கேட்டாள். அவளுக்கு டப்பா நிறைய வைத்தது போக, நானும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வேன் ஏறினேன்.