வெள்ளிக்கிழமை ஒட்டுறவு

முத்தியால்பேட்டையில் மெத்தைக்கடை வைத்திருக்கும் ஹிதாயத்துல்லா பாயைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. மூன்று வாரம் அந்த மனுஷனை மைதானத்துக்குள் வரவிடாமல் செய்தவன் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை.

என் பெயர் முருகையன். ரிட்டயரான பிறகு பெத்தாங் மைதானத்தில் புள்ளி எழுதுகிறேன். பிரெஞ்சுக்காரன் போனான், ஆட்டத்தை விட்டுப் போனான். ஒரு சின்ன மரக்குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் இரும்புக் குண்டை யார் நெருக்கி வீசுகிறார்கள் என்பதுதான் ஆட்டம். பதின்மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. தேதி, ஆடியவர் பெயர், புள்ளி எல்லாம் என் நோட்டில் இருக்கும். என் எழுத்தில் தப்பு வராது. வாய்தான் தப்பு செய்யும்.

பாயின் மகள் மஹீரா, காலேஜில் புள்ளியியல் இரண்டாம் வருஷம். இந்த ஆட்டத்தில் நல்ல கை. பாய்க்குக் கடை லீவு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடித்து, சாப்பிட்டு, மொபெட்டில் வந்து ஓரமாக நிற்பார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். லீவு நாளிலும் அது எப்படி ஒட்டுகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு வார்த்தை பேசமாட்டார். மகள் வீசும்போது அவருடைய வலது கையும் கொஞ்சம் அசையும். அவ்வளவுதான்.

ஆவணி மாசம் ஒரு நாள் வேலையில்லாமல் நோட்டைப் புரட்டினேன். மஹீரா அதுவரை இருபத்தைந்து ஆட்டம் ஆடியிருந்தாள். பாய் வந்து பார்த்தது பதினொன்று. அதில் ஒன்பது தோல்வி. அவர் வராத பதினாலில் பதினொன்று வெற்றி. எனக்கு ஏதோ கண்டுபிடித்துவிட்ட குஷி. டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்தா பொண்ணு தோக்குது. நான் சொல்லல, நோட்டு சொல்லுது."

பாய் நோட்டை வாங்கி இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். சிரித்தார். டீயை மிச்சம் வைத்துவிட்டுப் போனார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது இன்னொருத்தர்.

அடுத்த வெள்ளி பாய் உள்ளே வரவில்லை. மஹீரா ஒவ்வொரு குண்டு வீசுமுன்பும் ஓரத்தைப் பார்த்தாள். தோற்றாள். நான் வெளியே வந்தால், மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மொபெட்டை நிறுத்திவிட்டு, குண்டு மோதும் சத்தத்தைக் கேட்டபடி பாய் நிற்கிறார்.

"ஜெயிச்சிதாண்ணே?"

"இல்ல பாய்."

"நான் உள்ள வரலியே" என்றார். கொஞ்சம் யோசித்தார். "இந்தச் சுவரு பத்தல போலருக்கு."

அதற்கடுத்த வெள்ளி தெருமுனை டீக்கடையில் நின்றார். மஹீரா தோற்றாள். மூன்றாவது வெள்ளி வீட்டைவிட்டே கிளம்பவில்லை. அன்றும் தோற்றாள். அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மஹீராதான் என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"மாமா, அத்தாகிட்ட என்னா சொன்னீங்க?"

சொன்னேன். நோட்டைப் பிடுங்கினாள். மண்ணில் உட்கார்ந்து போனில் தட்டினாள்.

"மைனஸ் புள்ளி ஆறு. நீங்க எண்ணுன இருபத்தஞ்சு ஆட்டத்துல, அத்தா வர்றதுக்கும் நான் ஜெயிக்கறதுக்கும் உள்ள தொடர்பு, கோரிலேஷன். நீங்க எண்ணுனது சரிதான்."

எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதி.

"ஆனா அத்தாவ எண்ணுனீங்களே, எதிர்ல ஆடுனது யாருன்னு எண்ணுனீங்களா? வெள்ளிக்கிழமை யாரு மாமா வர்றாங்க?"

யார் வருவார்கள்? சொல்தாக்கள் வருவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய கிழவர்கள். ஐம்பது வருஷமாகக் குண்டு வீசுகிற கைகள். மற்ற நாட்களில் ஆடுவது காலேஜ் பிள்ளைகள். பாய்க்கு லீவு வெள்ளி, சொல்தாக்கள் வருவதும் வெள்ளி. அந்தப் பெயர்களை என் கையாலேயே எழுதிவைத்துக்கொண்டு, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, பாயின் தலையில் பழியைப் போட்டிருக்கிறேன்.

"அத்தா வராத மூணு வெள்ளியும் தோத்தேன். அதுக்கு யாரு காரணம், நீங்களா?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. 

இரண்டு பேரும் கடைக்குப் போனோம். பாய் தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். மஹீரா நோட்டை விரித்து வரி வரியாக விளக்கினாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"கணக்கு புரியுதும்மா" என்றார் பாய். "நெஞ்சு கேக்கலியே. வர்ற வெள்ளி கடைசி ஆளுக்கான ஆட்டம். நான் வந்து நின்னு நீ தோத்துட்டா, அப்புறம் நான் எப்படித் தூங்குவேன்?"

காரைக்கால் போட்டிக்குப் போகும் அணியில் ஒரு இடம்தான் பாக்கி. அதற்கு மஹீராவும் சொல்தா சின்னக்கண்ணுவும் மோத வேண்டும்.

"பிளஸ் டூ புத்தகத்துல இந்தக் கோரிலேஷனுக்குத் தமிழ்ல என்னா பேரு போட்டிருக்கு தெரியுமாத்தா? ஒட்டுறவு" என்றாள் மஹீரா. "மூணு வாரமா நீங்க ஒட்டையும் விட்டுட்டீங்க, உறவையும் விட்டுட்டீங்க. எனக்கு அதான் கஷ்டமா இருக்கு. தோத்தது இல்ல."

பாய் தலையணை வாயைத் தைக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. பாய் இல்லை. சின்னக்கண்ணு நான்கு புள்ளி எடுத்த பிறகுதான் மொபெட் சத்தம் கேட்டது. பாய் வாசல் கேட் பக்கத்தில் செருப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து பழைய இடத்திலேயே நின்றார். மஹீரா அதற்கப்புறம் ஓரத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஏழுக்கு ஏழு. பத்துக்குப் பத்து. மரக்குண்டை ஒட்டினாற்போல் சின்னக்கண்ணு ஒன்றை வைத்தார். இனி அதை யாரும் அசைக்க முடியாது என்றுதான் நானும் நினைத்தேன். மஹீரா தூக்கி வீசினாள். கிழவரின் குண்டு தெறித்து வேலிக்குப் போயிற்று, அவளுடையது அதே இடத்தில் உட்கார்ந்தது. சின்னக்கண்ணு தொப்பியைக் கழற்றினார். பதினொன்று.

அதன்பிறகு மூன்று புள்ளியும் சின்னக்கண்ணுவுக்கு. பதின்மூன்று, பதினொன்று. மஹீரா தோற்றாள்.

பாயின் முகம் செத்துவிட்டது. எனக்கு அவர் பக்கம் பார்க்கத் தைரியமில்லை.

"நான்தான் சொன்னனேம்மா" என்றார்.

"சொன்னீங்க. தோத்துட்டேன். தாத்தா நல்லா ஆடுனாரு" என்றாள் மஹீரா. கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "அத்தா, பதினோராவது புள்ளி பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படிப் போச்சி?"

பாய் வலது கையைத் தூக்கினார். மணிக்கட்டை மடக்கி, அப்படியே வீசிக் காட்டினார். "இப்படிப் போயி… டங்குன்னு… அவருது அங்க போச்சி, உன்னுது இங்க நின்னுச்சி" என்று தரையில் அந்த இடத்தைக் காட்டினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"போன மூணு வாரத்துல இத மாதிரி ரெண்டு போட்டேன்" என்றாள் மஹீரா. " வீட்டுக்கு வந்து சொல்லிப் பாத்தேன். வாயால சொன்னா வரல."

அவளுக்கு அணியில் இடம் கிடைக்கவில்லை. என் நோட்டில் பாய் பார்த்த ஆட்டம் பன்னிரண்டு ஆயிற்று, தோல்வி பத்து.

அடுத்த வெள்ளி நான் மைதானத்துக்குப் போனபோது மணி மூன்று. எதிரில் ஆடப்போவதும் ஒரு சொல்தாதான். பாய் எனக்கு முன்னாலேயே வந்து அவருடைய இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.