சாவியோடு நின்ற வண்டி

பைக் திருட்டு வழக்கில் கைதாகி, கண்டிஷன் பெயிலில் வெளியே வந்திருந்தேன். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் மறுபடியும் ஜெயில். பத்து மணிக்குப் பாதி வேலையில் கிளம்புகிறவனை யார் வேலைக்கு வைப்பார்கள்? சும்மாதான் இருந்தேன்.

அன்று கீரமங்கலத்தில் பஸ் வரவேயில்லை. நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. எதிரே பூக்கடை வாசலில் ஒரு பைக் சாவியோடு நின்றது. ஸ்டேஷன் வரைக்கும்தானே, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்று மனசு சொன்னது. ஒழுங்காக இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுவதற்குத் திருட்டு வண்டியில் போகப் பார்த்தேன்! யோசிப்பதற்குள் கை ஹேண்டில்பாரில் இருந்தது.

"தம்பி!"

எனக்கு உயிரே போய்விட்டது. பூ மூட்டையோடு வண்டிக்காரர் வந்துகொண்டிருந்தார்.

"சாயாம அப்படியே பிடிச்சுக்கங்க. மூட்டையக் கட்டிக்கிறேன்."

பிடித்துக்கொண்டேன். கட்டி முடித்துவிட்டு, "எங்கிட்டுப் போகணும்?" என்றார்.

"ஸ்டேஷனுக்குங்க. கையெழுத்துப் போடணும்."

என்னைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார்.

"ஏறுங்க, நேரமாச்சுல்ல" என்றார்.

ஸ்டேஷனில் பேனாவைப் பிடிக்க முடியாமல் கை உதறியது. "என்னடா, இப்பத்தான் திருடிட்டு வந்தவன் மாதிரி நடுங்குற?" என்று ஏட்டு சிரித்தார்.

"பஸ்ஸு வரலைங்கய்யா" என்றேன்.

வழக்கு முடிந்துவிட்டது. இன்றைக்கும் சாவியோடு நிற்கும் வண்டியைக் கண்டால், இரண்டு கையையும் கட்டிக்கொண்டுதான் தாண்டிப் போகிறேன்.