சந்து முனை இருமல்

கண்ணுகளா, நேற்றுப் பள்ளி நாடகத்துக்காக உங்களுக்கு மீசை ஒட்டிவிட்டபோது, அந்தப் பசை நெடி என்னைச் சேலத்தில் நான் வளர்ந்த லைன் வீட்டுச் சந்துக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் கடைசி வீட்டில்தான், ஒரு படத்தில் குழந்தையைக் கிணற்றில் போட்டுவிட்டுச் சிரித்த வில்லன் நடிகர் குடியிருந்தார். அதற்குப் பிறகு அவருக்கு வந்ததெல்லாம் அதே மாதிரி வேஷம்தான். சாயங்காலம் ஸ்டுடியோவிலிருந்து மேலுதட்டில் அந்தப் பசை நெடியோடு வருகிறவர், சந்து முனையிலேயே நின்று இருமுவார். கோலி ஆடிக்கொண்டிருக்கும் நாங்கள் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தும்வரை காத்திருந்து, பிறகுதான் தலையைக் குனிந்தபடி நடந்து வருவார்.

ஒருநாள் அம்மா வாசலில் நின்று கேட்டேவிட்டார்.

"ஏனுங்கண்ணா, உங்க ஊட்டுக்குப் போறதுக்கு எதுக்குங்க இப்படி நிக்கறீங்க?"

"புள்ளைக தூக்கத்துல அலறுதாமுங்க அம்மிணி. கொஞ்சம் நல்லாவே நடிச்சுப்புட்டனாட்ட இருக்குது."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவர், கதவிடுக்கில் என் கண்ணைப் பார்த்ததும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்று காலை தனியாக அங்கே போனேன். லைன் வீடுகளை இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். சாத்துவதற்கு ஒரு கதவும் இல்லை. ஆனாலும் சந்து முனை இருந்த இடத்தில் நின்று இருமினேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே நடந்தேன்.